நயீம் பாய் நட்ட நேர்வரிசை

"லைன் கோணல். ரிஜெக்ட்!"

நட்ட புங்கங்கன்றைப் பிடுங்கி, நட்டவள் கையிலேயே கொடுத்தார் நயீம் அகமது. ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றில் அவர் செக்கிங் செக்‌ஷன். ஒரு தையல் பிசகினாலும் ஷூவைத் தூக்கிப் போடுகிற மனுஷன். ஓடைக்கரை அரிக்காமலிருக்க ஞாயிற்றுக்கிழமை மரம் நட வந்த இடத்தில் மட்டும் அந்தக் கண் சும்மா இருக்குமா?

"பாய், இது செடி. ஷூ இல்ல" என்றாள் தையல் செக்‌ஷன் சௌந்தரம்.

"எதுவா இருந்தா இன்னாம்மா? சாயங்காலம் மேனேஜர் வர்றார். ஒரு கம்ப்ளைன்ட் இல்லாம முடிச்சா நான்தான் சூப்பர்வைசர்னு சொல்லியிருக்கார். எத்தினி வருஷக் கனவு தெரியுமா?"

கயிறு கட்டினார்கள். கரை வளைந்தது, கயிறு வளையவில்லை. கயிற்றை ஒட்டித் தோண்டினால் பாறை. பாறையைத் தள்ளி நட்டால் கோணல். பிடுங்கு! பிடுங்கிப் பிடுங்கி நட்டதில் கன்றுகள் தலையைத் தொங்கப்போட்டன. டீ குடிக்கப் போன தன்னார்வலர்களில் பாதிப் பேர் திரும்பி வரவேயில்லை.

"பேஜாரு புடிச்ச வேல!" சௌந்தரமும் மண்வெட்டியைக் கீழே போட்டாள்.

நயீம் வாட்சைப் பார்த்தார். சூப்பர்வைசர் பதவி கண்ணெதிரே கைநழுவிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் சரிவுக்குக் கீழே அவர் பார்வை போனது. அடடா! கல் இல்லை, வளைவு இல்லை. மெழுகிவிட்ட மாதிரி சமதளமாக மணல் பூமி.

"எல்லாத்தயும் புடுங்கிக்கினு கீழ வாங்க!"

மண்வெட்டி பட்ட இடமெல்லாம் குழி. வேலை மளமளவென்று முடிந்தது. ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல் வரிசைகள். ரிஜெக்ட் செய்ய ஒன்றுகூட இல்லையே என்று நயீமுக்கே லேசான வருத்தம்.

மேனேஜர் ஜியாவுல்லா வந்தார். மேலே நின்று இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார்.

"ஃபர்ஸ்ட் கிளாஸ்! யாராவது ஒரு குறை சொல்ல முடியுமா? நாளையிலேர்ந்து நீங்கதான் சூப்பர்வைசர், நயீம்!"

எல்லோரும் கை தட்டினார்கள். நயீமுக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது.

தண்ணீர் லாரி டிரைவர் முனிரத்தினம் மட்டும் குழாயைப் பிடித்தபடி அப்படியே நின்றிருந்தார்.

"இன்னாப்பா யோசிக்கிற? ஊத்து" என்றார் புது சூப்பர்வைசர்.

"ஊத்தறேன் சார். ஓடைக்கு நடுவுலயே நட்டுட்டீங்களே, மழ வந்தா தண்ணி இன்னா, கரை மேல ஏறிப் போவுமா?"