பெரியவளை விற்றுவிட்டோம், மாமா

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

மாப்பிள்ளை பணிவான வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நான், உங்கள் மகள், பேத்தி, பேரன் நால்வரும் சுகம். அங்கு உங்கள் முழங்கால், உங்கள் தூக்கம், கொல்லையில் நீங்கள் போட்ட தக்காளிச் செடி எல்லாம் சுகமாக இருக்க வேண்டுகிறோம். வழக்கமாக இந்த இடத்தில் "பெரியவளும் சுகம்" என்று ஒரு வரி எழுதுவேன். இந்தத் தடவை அது இல்லை என்பதை இந்நேரம் கவனித்திருப்பீர்கள். எடை அளவு ஆய்வாளராக இருந்து, தராசில் ஒரு கிராம் குறைந்தாலும் கடை வாசலிலிருந்தே கண்டுபிடித்தவர் நீங்கள். உங்களிடம் ஒரு முழுப் படகையே குறைத்து எழுதினால் தெரியாமலா போகும்?

ஆமாம் மாமா, விற்றுவிட்டோம். பேத்தி பிறப்பதற்கு முன்பே வந்ததால் "இவதான் வீட்டுக்குப் பெரியவ" என்று நீங்களே பெயர் வைத்த அதே படகைத்தான். நாலு படுக்கை, ஒரு அடுப்பு, ஒரு குட்டிக் கழிப்பறை, மழை பெய்தால் எங்கே ஒழுகும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடிய ஒரு கூரை எல்லாவற்றோடும் போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கைமாற்றிவிட்டோம். தயவுசெய்து உட்கார்ந்துகொண்டு மேலே படியுங்கள். நான் என் கடையிலிருந்து செய்து அனுப்பிய கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தால் இன்னும் நல்லது.

போனில் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். போனில் நீங்கள் "ம், சொல்லுங்க மாப்பிள்ளை" என்று சொல்லிவிட்டு அமைதியாகிவிடுவீர்கள். அந்த அமைதியில் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் நாம் இருவரும் மழையையும் விலைவாசியையும் தாண்டிப் பேசியதே இல்லை. உங்கள் மகளைச் சொல்லச் சொன்னேன். "கேப்டன் யாரு, நீங்கதானே? நல்ல சேதின்னா கேப்டன், கெட்ட சேதின்னா நானா? நீங்களே எழுதுங்க" என்று பேனாவைக் கையில் திணித்துவிட்டாள்.

அத்தை போன பிறகு நீங்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியூர் கிளம்புவது வருடத்தில் ஒரே ஒரு தடவைதான். கோடை விடுமுறைக்கு இங்கே வந்து எங்களோடு படகில் இருப்பீர்கள். பத்தாவது நாள் காலையில் பையைக் கட்டிவிடுவீர்கள். பேத்தி காலைக் கட்டிக்கொண்டாலும் சரி, பேரன் செருப்பை ஒளித்து வைத்தாலும் சரி, பதினோராவது நாள் என்பது கிடையாது. என்ன குறை வைத்தோம் என்று உங்கள் மகள் ஒவ்வொரு வருடமும் புலம்புவாள். அந்தப் பத்து நாளும் நீங்கள் படகுக்காகத்தான் வருகிறீர்கள் என்பது எங்கள் எல்லோருடைய அபிப்பிராயம். பின்னே? ஏறியதும் பின்பக்க மூலையில் உட்காருவீர்கள். ஒரு எலுமிச்சம்பழத்தைக் கையில் வைத்து மோந்துகொண்டு கண்ணை மூடினால் கரை வரும்வரை ஒரு வார்த்தை கிடையாது. "தாத்தா கடலை ரசிக்கிறாரு, யாரும் தொந்தரவு பண்ணாதீங்க" என்று பிள்ளைகளை நான் அதட்டி வைத்திருக்கிறேன். அப்படி ரசித்த மனிதரின் படகை விற்றுவிட்டு எந்த முகத்தோடு வாங்க என்று கூப்பிடுவது? படகு போனது போகட்டும் மாமா, அதோடு உங்கள் வருகையும் போய்விடுமோ என்பதுதான் என் பயம்.

விற்கிற எண்ணம் எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும். சில மாதங்களுக்கு முன் ஒரு சனிக்கிழமை காலையில் நான் முன்னாடியே படகுத்துறைக்குப் போய், தளத்தைக் கழுவி, நாலு பேருக்கும் டீ போட்டு வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். முதலில் பல்லியிடமிருந்து செய்தி வந்தது. (பல்லி என்றால் உங்கள் பேத்திதான். கல்லூரியில் கயிறு கட்டிக்கொண்டு பாறை ஏறும் கூட்டத்தில் சேர்ந்த நாளிலிருந்து அவளுக்கு வீட்டில் அதுதான் பெயர்.) இன்றைக்கு ஏதோ ஒரு புதுப் பாறையாம், வர முடியாதாம். பின்னாலேயே கொக்கிடமிருந்து செய்தி. (உங்கள் பேரன். பறவை பார்க்கிறேன் என்று மணிக்கணக்காக ஒற்றைக் காலில் நிற்கிறான்.) நம் எஞ்சின் சத்தத்தில் ஒரு பறவையும் கிட்ட வருவதில்லை, அதனால் நடந்தே போகிறானாம். கடைசியில் உங்கள் மகள் போன் பண்ணினாள். "என்னங்க, தப்பா எடுத்துக்காதீங்க. தெருமுனை தையல்காரம்மா சைக்கிள் கூட்டம் ஆரம்பிச்சிருக்காங்க. இத்தனை வருஷமா உட்கார்ந்தே ஊர் சுத்தியாச்சு. இனிமே கொஞ்சம் என் காலாலயும் சுத்திப் பாக்கறேனே."

அவள் உட்கார்ந்தது என்று சொன்னது எஞ்சின் பெட்டியின் மூடியை. உங்களுக்குத் தெரியுமே, உங்கள் மகள் அந்த மூடி மேல் உட்கார்ந்தால்தான் நம் எஞ்சின் கிளம்பும். நான் உட்கார்ந்தால் கிளம்பாது, மூட்டையைத் தூக்கி வைத்தால் கிளம்பாது, மெக்கானிக் உட்கார்ந்து பார்த்துவிட்டுக் கும்பிடு போட்டுவிட்டுப் போனார். ஆகவே அன்றைக்கு நான் கட்டிப் போட்ட படகில், நாலு டம்ளர் டீயைப் பார்த்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தேன். ஒன்றையாவது குடித்திருக்கலாம், மனசு வரவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது மாமா. எஞ்சின் கிளம்பாததற்கு இல்லை. இத்தனை வருடமாக நான் ஆசைப்பட்டது தண்ணீரையா, இல்லை, இந்த மூன்று பேரும் எங்கேயும் ஓட முடியாமல் என் கண்ணெதிரில் இருந்ததையா என்று அப்போதுதான் யோசித்தேன். அவர்கள் படகுக்கு வராவிட்டால் அவர்கள் போகிற இடத்துக்கு நான்தான் போக வேண்டும். அன்று சாப்பாட்டு மேஜையில் "பெரியவளைக் கொடுத்துடலாம்" என்று சொன்னேன். சனிக்கிழமை வராத மூன்று பேரும் அப்படி ஒரு அழுகை அழுதார்கள். பக்கத்து வீட்டு மருந்துக்கடைக்காரர் யாருக்கு என்ன ஆச்சோ என்று கதவைத் தட்டிவிட்டார்.

விளம்பரம் நான் எழுதினேன். "அன்பான குடும்பம் வளர்த்தது, நல்ல கைகளில் மட்டும் ஒப்படைக்கப்படும்." நாய்க்குட்டி என்ன நிறம் என்று கேட்டு இரண்டு பேர் போன் பண்ணினார்கள். படகு என்று புரிந்து முதலில் வந்தவர் அதைக் கரையில் கட்டிப் போட்டு ஜூஸ் கடை வைக்கப் போகிறேன் என்றார். உங்கள் மகள் முகம் சுண்டிப் போய், "அடியில ஓட்டை இருக்கு, கழிப்பறை வேலை செய்யாது, ராசியும் சரியில்ல" என்று மூச்சு விடாமல் அடுக்கினாள். மூன்றும் பொய். மனிதர் பிஸ்கட்டைக்கூட முடிக்காமல் போய்விட்டார்.

இரண்டாவது வந்தவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி வைத்திருப்பவர். ஆறடி உயரம், நல்ல மனிதர். கல்யாணத்துக்கு முன் நீங்கள் என்னைக் கேட்ட கேள்விகளையே நான் அவரைக் கேட்டேன். கோபம் வருமா, காலையில் எத்தனை மணிக்கு எழுந்திருப்பீர்கள், யாராவது சொன்னால் கேட்டுக்கொள்வீர்களா. எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொல்லிவிட்டு படகின் அறைக்குள் நுழையப் போனார். அந்த வாசல் நிலை தாழ்வாக இருக்கும், யார் நுழைந்தாலும் நாங்கள் "தலை!" என்று கத்துவது வழக்கம் அல்லவா? பழக்க தோஷத்தில் நாலு பேரும் ஒரே நேரத்தில் "தலை!" என்று கத்தினோம். மேலே என்னமோ விழுகிறது போல என்று அவர் சடாரென்று நிமிர்ந்து பார்த்தார். நெற்றியில் எலுமிச்சம்பழம் அளவுக்கு வீங்கிவிட்டது. ஐஸ் வைத்து, ஆட்டோ பிடித்து அனுப்பினோம். யோசித்துச் சொல்கிறேன் என்றார். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்.

மூன்றாவதாக வந்தது ஒரு நர்ஸம்மா. கூடவே அவர் வீட்டுக்காரர், ஆஸ்பத்திரி கேன்டீனில் சமையல்காரர். இந்தத் தடவை யாரும் வாயைத் திறக்கக் கூடாது என்று கட்டளை போட்டிருந்தேன். எஞ்சினைக் கிளப்புங்கள் பார்க்கலாம் என்றார் சமையல்காரர். உங்கள் மகள் வேண்டுமென்றே கரையில் நின்றுகொண்டாள். கிளம்பவில்லை. எனக்குக் கூச்சம் பிடுங்கித் தின்றது, விஷயத்தைச் சொல்லிவிட்டேன். "அப்ப உங்க வீட்டம்மாவும் படகோட சேர்த்தியா?" என்று அவர் கேட்டார். "வாரத்துக்கு ஒரு நாள்னா யோசிக்கலாம்" என்றாள் உங்கள் மகள். நர்ஸம்மா சிரித்துக்கொண்டே செருப்பைக் கழற்றிவிட்டு, யாரும் சொல்லாமலே குனிந்து உள்ளே போய், அந்த மூடி மேல் உட்கார்ந்தார். சாவியைத் திருப்பினேன். முதல் திருப்பிலேயே கிளம்பிவிட்டது! மாமா, எனக்குச் சந்தோஷமும் பொறாமையும் ஒன்றாக வந்தது. உங்கள் மகள் கரையில் நின்றபடி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "போறா பாருங்க, நன்றி கெட்டவ" என்றாள். அந்த நிமிடமே பெரியவள் அவர்களுடையவள் ஆகிவிட்டாள்.

சாமான்களை இறக்கும்போது உங்கள் மூலையை நான் ஒருவனாகத்தான் ஒழித்தேன். மெத்தைக்கு அடியில் காய்ந்த எலுமிச்சம்பழங்கள் ஒரு பை நிறைய இருந்தன, கூடவே உங்கள் ரத்த அழுத்த மாத்திரையின் காலி அட்டைகள். ஒன்றையும் எறியவில்லை. மெத்தையை வீட்டு மாடியில் காற்று வருகிற மூலையில் போட்டிருக்கிறேன். அங்கே உட்கார்ந்து நீங்கள் கண்ணை மூடிக்கொள்ளலாம். கடல் மட்டும் இருக்காது.

இப்போது எங்கள் பொழுது எப்படிப் போகிறது என்றால், சனிக்கிழமை காலையில் பல்லி பாறை ஏறும்போது கீழே கயிற்றைப் பிடிப்பது நான். கழுத்து பிடித்துக்கொண்டு, ஒரு வாரம் கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் கூரையைப் பார்த்தபடிதான் கண் பரிசோதனை செய்தேன். ஆனால் மேலேயிருந்து ஒரு கல் உருண்டபோது பழக்கத்தில் "தலை!" என்று கத்தினேன் பாருங்கள், அத்தனை பேரும் ஒதுங்கித் தப்பித்தார்கள். பயிற்சியாளர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். மறுநாள் கொக்கோடு போகும்போது தாழ்ந்த கிளை ஒன்றைப் பார்த்து அதே வார்த்தையைக் கத்தியதில், மாதக்கணக்கில் அவன் காத்திருந்த பறவை ஊரைவிட்டே போய்விட்டது. சாயங்காலம் சைக்கிளில் உங்கள் மகள் முன்னால், நான் ரொம்பப் பின்னால். மேடு வந்தால் இறங்கி நின்று எனக்காகக் காத்திருக்கிறாள். படகில் அவள் முதுகை மட்டும்தான் பார்ப்பேன். இப்போது திரும்பி நின்று சிரிப்பதைப் பார்க்கிறேன். நன்றாகத்தான் இருக்கிறது மாமா. கால்தான் வலிக்கிறது.

ஆகவே தங்களிடம் கேட்டுக்கொள்வது, படகு இல்லை என்பதற்காக இந்தக் கோடையில் வராமல் இருந்துவிடாதீர்கள். பத்து நாள் இல்லாவிட்டாலும் ஐந்து நாளாவது வாருங்கள். அதுவும் முடியாவிட்டால் ஒரு நாள். கோபம் இருந்தால் நேரில் வந்து திட்டுங்கள், மழையையும் விலைவாசியையும் தவிர்த்துப் பேச நமக்கும் ஒரு விஷயம் கிடைக்கும். பேத்தியும் பேரனும் முத்தங்கள் சொல்லச் சொன்னார்கள். உங்கள் மகள் மேல்துண்டு இல்லாமல் காலைப் பனியில் நடக்க வேண்டாம் என்று சொல்லச் சொன்னாள். தங்கள் ஆசி எங்களுக்கு எப்போதும் வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்பிற்கும், இனிமேல் கோபத்திற்கும் உரிய மாப்பிள்ளை

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது உங்கள் போன் வந்தது. விற்ற அன்றைக்கே பல்லி உங்களிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாளாம். மன்னிப்பு என்று நான் ஆரம்பித்தால் நீங்கள் சிரிக்கிறீர்கள்! நீங்கள் சொன்னதை உங்களுக்கே எழுதுவது முட்டாள்தனம்தான். ஆனால் உங்கள் மகள் நம்ப மாட்டேன் என்கிறாள், எழுத்தில் வேண்டுமாம். கீழே இருப்பது சரியென்றால் கையெழுத்துப் போட்டு, பழைய முத்திரை ஏதாவது கைவசம் இருந்தால் அதையும் குத்தித் திருப்பி அனுப்பவும்.

"மாப்பிள்ளை, எனக்குத் தண்ணின்னாலே குமட்டும். அந்தப் படகுல ஒரு நாளும் நான் நிம்மதியா உட்கார்ந்தது கிடையாது. ரத்த அழுத்த மாத்திரைன்னு உங்ககிட்ட சொல்லி வச்சிருந்தேனே, அது வாந்தி மாத்திரை. கண்ணைத் தொறந்தா தலை சுத்தும், வாயைத் தொறந்தா என்ன ஆகும்னு எனக்கே தெரியாது. நீங்க அவ்வளவு ஆசையாக் கூப்பிட்டீங்க. படகு வேணாம்னு சொன்னா, அப்புறம் என்னை எதுக்குக் கூப்பிடப் போறீங்கன்னு சும்மா இருந்துட்டேன். ஒரு அட்டையில பத்து மாத்திரைதான் இருக்கும். அதான் பத்து நாள். இனிமே மாத்திரை வேண்டாமே, எத்தனை நாள் இருக்கலாம்?"

ஊரார் கண்ணுக்கெல்லாம் கண்ணாடி போடுகிற எனக்கு இது ஒரு நாளும் தெரியவில்லை மாமா. உங்களுக்கு ஒரு சைக்கிள் பார்த்து வைத்திருக்கிறேன், மூன்று சக்கரம். திரும்பிப் போகிற டிக்கெட் எடுக்காமல் வாருங்கள்.