துரை பங்களாவில் ஒரு சனிக்கிழமைக் குளியல்

பிள்ளைகுட்டிகளோடு எங்காவது போய்ச் சொகுசாக இரண்டு நாள் தங்கலாம் என்று யாராவது பேச்செடுத்தால், எங்கள் வீட்டில் எல்லோரும் ஒருசேர என்னைத்தான் திரும்பிப் பார்ப்பார்கள். பார்க்கட்டும். எழுபதுகளில் நான் செய்த காரியம் அப்படி.

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் கடலையும் தென்னையும் வைத்துப் பிழைத்த குடும்பம் எங்களுடையது. என் தம்பி தங்கவேலு மட்டும் நாலு எழுத்துப் படித்து, மூணாறு பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் கிளார்க்காகச் சேர்ந்திருந்தான். தற்காலிக வேலை. நிரந்தரமாவதும் வீட்டுக்குத் திரும்பி வருவதும் மேனேஜர் கையில் இருந்தது. (மேனேஜர் நம் நாட்டுக்காரர்தான். வெள்ளைக்காரன் விட்டுப்போன நாற்காலியில் உட்கார்ந்ததால் அவரும் 'துரை'.) விருந்தினர் பங்களா காலியாக இருந்த சமயம் பார்த்து, அண்ணன் பெரிய பண்ணையக்காரர், ரொம்ப நாகரிகமான குடும்பம் என்றெல்லாம் அவரிடம் அளந்து, எங்களுக்கு மூன்று நாள் தங்க அனுமதி வாங்கிவிட்டான். துரை அதோடு விடவில்லை. சனிக்கிழமை மதியம் தானும் மனைவியோடு வந்து எங்களுடன் சாப்பிடுவதாகச் சொல்லிவிட்டார்.

வாடகை அம்பாசடரில் நானும், மனைவி ருக்மணியும், ஐந்து வயது மூர்த்தியும், மூன்று வயது குமாரும் கிளம்பினோம். பொள்ளாச்சி, உடுமலை தாண்டி மலையேறும்போது கேரளா செக்போஸ்டில் வண்டியை நிறுத்தினார்கள். காவல்காரர் எங்கள் பையிலிருந்து பச்சைப் பொடிப் பொட்டலம் ஒன்றை எடுத்தார்.

"இது எந்தா சாதனம்?"

"அரப்புங்க. எண்ணெய் தேய்ச்சா தலைக்குப் போடற எலைப் பொடிங்க."

நம்பாமல் ஆழமாக மோந்து பார்த்தார். நாங்கள் அடுத்த வளைவு திரும்பும்போதும் அவர் தும்மிக்கொண்டிருந்தது கேட்டது.

"ஏனுங்க, அங்க போயுமா எண்ணெய்க் குளியலு?" என்றாள் ருக்மணி.

"சனிக்கெழமை எண்ணெய் வெக்காம எங்கப்பன் ஒரு வாரம் இருந்ததில்ல. நானும் இருக்க மாட்டேன்" என்றேன். (அப்பா இருந்தது சொந்த வீட்டில் என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை.)

பங்களாவில் கால் வைத்தால் பாதம் புதையும் கம்பளம். கூடத்துச் சுவரிலேயே அடுப்பு வைத்து விறகு எரித்தார்கள். அதில் யாரும் எதையும் சமைக்கவில்லை. விடிந்ததும் பட்லர் சுடலைமுத்து கதவைத் தட்டி, பல் விளக்காத எங்களுக்குப் படுக்கைக்கே டீ கொண்டுவந்தார். ருக்மணி கம்பளிக்குள் தலையை இழுத்துக்கொண்டவள், அவர் போகும்வரை வெளியே வரவில்லை.

சனிக்கிழமை காலை தங்கவேலு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டான். "அண்ணா, துரை வந்துட்டுப் போற வரைக்கும் நீங்க ஒண்ணுமே பண்ண வேண்டாமுங்க. சும்மா இருந்தாப் போதும்."

சும்மாதான் இருந்தேன், பதினோரு மணி வரை. பிறகு பிள்ளைகளுக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை நல்லெண்ணெய் வழிய வழியத் தேய்த்து, நானும் தேய்த்துக்கொண்டு, கோவணத்தோடு குளியலறைக்குள் போனேன். வெள்ளை வெளேரென்று ஆள் படுக்கிற நீளத்துக்கு ஒரு தொட்டி.

"வெந்நி போட்டுருக்கேன்யா. பாதி ரொம்புனதும் பைப்ப அடச்சிருங்க" என்று வெளியிலிருந்து சொன்னார் சுடலைமுத்து. அவருக்குத் திருநெல்வேலிப் பக்கம்.

எனக்கா தொட்டியைப் பற்றிச் சொல்லித்தருவது? எங்கள் பம்புசெட் தொட்டியில் தண்ணீர் விழுந்துகொண்டே இருக்கும். நிறைந்து வழிந்தால்தான் வாய்க்காலுக்குப் போகும், தென்னைக்குப் பாயும். குழாயை முழுசாகத் திறந்துவிட்டேன். படுக்கையறைப் பக்கத்துக் கதவைத் தாழிட்டேன். அரப்பைக் கரைத்து இரண்டு பிள்ளைகள் தலையிலும் அப்பினேன்.

தொட்டி நிறைந்து வழிந்தது. வாய்க்காலைத்தான் காணோம். தரையில் தண்ணீர் போக இருந்த ஒரே ஓட்டையை அரப்புச் சக்கை அடைத்துக்கொண்டது. அதே நேரம் மூர்த்தியின் கண்ணில் அரப்பு பட்டது. கத்திக்கொண்டே கைக்குக் கிடைத்த இன்னொரு கதவைத் தள்ளினான். அதை நான் அலமாரி என்று நினைத்திருந்தேன். அது கூடத்துக்குப் போகிற கதவு.

மூர்த்தி ஓடினான். குமார் பின்னாலேயே ஓடினான். நான் துண்டைத் தேடவில்லை. அப்படியே ஓடினேன்.

கூடத்தில் துரை நின்றிருந்தார். பட்டுச்சேலையில் அவர் மனைவி. சுவரோரம் தங்கவேலு. துரைக்கு நேரம் தவறாது. சொன்ன நேரத்துக்குக் கால் மணி முன்பே வந்திருந்தார். குமார் நேராகப் போய் அந்தப் பட்டுச்சேலையைக் கட்டிக்கொண்டான். துரை குனிந்து அவனைப் பிடித்தார். எண்ணெய்ப் பிள்ளை, நழுவிவிட்டான். துரையின் சட்டையில் ஐந்து பச்சை விரல்கள் பதிந்தன.

"பிடிங்க சுடலைமுத்து!" என்று அலறினான் தம்பி.

"எங்க பிடிக்க? வெலாங்கு மீனா வழுக்குதாம்லா!"

இடுப்பில் கோவணம், உடம்பெல்லாம் எண்ணெய், எதிரே என் தம்பிக்குச் சோறு போடுகிற துரை. ஓடி ஒளிந்திருக்கலாம். ஆனால் எங்கள் ஊர் வளர்ப்பு, வீட்டுக்கு வந்தவரை வாங்க என்று கேட்காமல் இருக்க விடாது. கை தானாகக் கூப்பிக்கொண்டது.

"வாங்க, வாங்க! உக்காருங்க! சாப்பிடலாமுங்க!"

அப்போதுதான் எனக்குப் பின்னாலிருந்து அரப்பு கரைந்த தண்ணீர் மெதுவாக வந்து கம்பளத்தில் ஏறியது. துரையின் மனைவி நாற்காலி மேல் ஏறினார்.

தங்கவேலு மட்டும் என்னைத் தாண்டிப் போனான். குளியலறையில் குழாயை அடைத்தான். இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டையோடு அந்த ஓட்டைக்குள் முழங்கை வரை கையை விட்டுச் சக்கையை இழுத்து எடுத்தான். வாசலில் நின்று துரை பார்த்துக்கொண்டிருந்தார். என் வாழ்க்கையில் அன்றைக்கு மாதிரி நான் வெட்கப்பட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை துரை அவனைக் கூப்பிட்டனுப்பினார். ருக்மணி மூட்டை கட்டி முடித்திருந்தாள். அவன் ஒரு பலகையைச் சுமந்துகொண்டு திரும்பினான்.

"வேலை போச்சாடா?"

"இல்லீங்ணா. சாக்கடைல கையை உட்ட மொதல் கிளார்க்கு நாந்தானாமா. வேலை நெரந்தரமுங்க." பலகையைத் தரையில் வைத்தான். "மொதல் வேலையா இந்த போர்டை எழுதி மாட்டச் சொல்லிட்டாருங்க."

'தொட்டியில் எண்ணெய் தேய்த்துக் குளிக்கக் கூடாது. எண்ணெய் தேய்த்த பிள்ளைகளை வெளியே விடக் கூடாது' என்று முத்து முத்தான எழுத்தில் எழுதி மாட்டினான். அவன் ஓய்வு பெறும்வரை அது அங்கேயே தொங்கியது.

இப்போது அவனும் ஊருக்கே வந்துவிட்டான். எனக்கு எண்பது தாண்டியும் சனிக்கிழமை எண்ணெய் நிற்கவில்லை. அவன் போனும் நிற்கவில்லை. காலை பத்தரைக்குச் சரியாக மணி அடிக்கும். ருக்மணி எடுத்து, எண்ணெய் வழியும் என் காதில் படாமல் தள்ளிப் பிடிப்பாள்.

"அண்ணா, அந்த ரெண்டாவது கதவையும் சாத்தியாச்சுங்களா?"