மேம்பாலத்தில் பிடித்துக்கொண்ட பிஸ்டன்

அன்புத் தம்பிக்கு அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் ஆசை. உயிரோடு இருக்கிறோம், அதுவரைக்கும் நிஜம். நீயும் உன் மனைவியும் சுகமாக இருக்க வேண்டும்.

உன் அத்தானின் டூ ஸ்ட்ரோக் பைக்கிற்கு உன் லேத்துப் பட்டறையில் ஒரு சைலன்சர் செய்து அனுப்பினாயே, நடுவில் வயிறு பெருத்தது, அது வந்த நாளிலிருந்து இந்த வீடு வீடாக இல்லை. எல்லாவற்றுக்கும் மூலகாரணம் என் எடையாம். மேம்பாலம் ஏறும்போது வண்டி திணறுகிறதே என்று கேட்டேன். "நான் தனியாப் போனா நல்லாத்தான் ஏறுது" என்றார். நான் பார்த்த பார்வையில், "இல்லல்ல, இன்ஜின்லதான் கோளாறு, சரி பண்ணிடுறேன்" என்று உடனே மாற்றிக்கொண்டார். கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற மனுஷன் லென்ஸோடு நிறுத்திக்கொள்ளக் கூடாதா? சிலிண்டரைக் கழற்றிச் சமையல் மேடையில் வைத்து, புகை வெளியேறுகிற துளையை அரத்தால் ராவி ராவி அகலமாக்கினார். உப்பு டப்பாவுக்குள் கூட இரும்புத்தூள். "இனி இன்ஜின் தாராளமா மூச்சு விடும் பாரு" என்றார். விட்டது. காயப்போட்ட துணியெல்லாம் புகை நாற்றம், சத்தம் தாங்காமல் மாடிவீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டுகிறார், வீட்டில் நிம்மதியாக இருந்தவர் காது கேட்காத என் மாமனார் ஒருவர்தான்.

பாரம் ஏற்றி ஓட்டிப் பார்த்தால்தான் தெரியுமாம். பாரம் யார் என்று நான் கேட்கவில்லை. கடைவாய்ப் பல்லில் உயிர் போகிற வலி, பல் டாக்டரிடம் போயாக வேண்டும், ஏறி உட்கார்ந்துவிட்டேன். மேம்பாலத்தில் பாதி ஏற்றம் வரைக்கும் பறந்தது. பின்னாலேயே ஒரு தண்ணீர் லாரி ஒட்டிக்கொண்டு வந்தது. திடீரென்று இன்ஜின் சத்தம் மெலிந்து, கீச்சென்று ஒரு இழுப்பு இழுத்துச் செத்தது. பின்சக்கரம் சுற்றாமல் தரையைத் தேய்க்கிறது, வண்டி பக்கவாட்டில் வழுக்குகிறது, லாரி ஹாரன் என் முதுகிலேயே கேட்கிறது. இவர் சிலை மாதிரி உட்கார்ந்திருக்கிறார். இன்ஜின் இறுகினால் முதலில் கிளட்ச்சைப் பிடிக்கணும் என்று நீ போனில் அவருக்குச் சொன்னதை, காய் நறுக்கிக்கொண்டே நானும் கேட்டிருந்தேன். "கிளட்ச்சைப் பிடிங்க!" என்று கத்தினேன். அசையவில்லை. பின்னாலிருந்தே எட்டி, அவர் கையோடு சேர்த்து கிளட்ச்சை நெரித்தேன். சக்கரம் விடுபட்டது. ஓரத்துச் சுவரில் என் செருப்பு உரச, லாரி என் தோள்பையைத் தட்டிவிட்டுப் போய் முன்னால் நின்றது.

டிரைவர் இறங்கி வந்தார். "யோவ், வீட்ல சொல்லிட்டு வந்தியா?"

"வீட்லதாங்க... பின்னாடி உக்காந்திருக்காங்க" என்றார் உன் அத்தான்.

டிரைவர் என்னைப் பார்த்தார், திட்ட வந்தவர் திரும்பிப் போய் லாரியில் ஏறிக்கொண்டார். இவர் சாலையோரத்திலேயே உட்கார்ந்துவிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். "உனக்கு ஒண்ணு ஆகியிருந்தா நான் என்னடி பண்ணுவேன்" என்றார். தம்பி, இத்தனை வருஷத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை. வண்டியை இரண்டு பேருமாகத் தள்ளிக்கொண்டே பல் டாக்டரிடம் போய்ச் சேர்ந்தோம். "வாயைத் திறங்க" என்றார் டாக்டர். பாலத்தில் திறந்த வாயை நான் எங்கே மூடினேன்?

ஆகவே கேட்டுக்கொள். இனி உன் பட்டறையிலிருந்து ஒரு திருகாணி கூட இந்த வீட்டு வாசல்படி ஏறக் கூடாது. பழைய சைலன்சரையே மாட்டச் சொல்லிவிட்டேன். மீறி அனுப்பினால் அக்கா தம்பி உறவு அதோடு சரி. நீயும் உன் குடும்பமும் நோய்நொடி இல்லாமல் நீடூழி வாழ வேண்டும்.

இப்படிக்கு,
அன்பு அக்கா

பின்குறிப்பு: சிலிண்டரை நானே பிரித்துப் பார்த்தேன். துளையை அவ்வளவு ராவியவர், கார்புரேட்டரில் பெட்ரோல் வருகிற ஜெட்டைப் பழைய அளவிலேயே விட்டிருக்கிறார். பெட்ரோல் போதாமல் சூடேறித்தான் பிஸ்டன் பிடித்திருக்கிறது. இரண்டு அளவு பெரிய ஜெட்டும், புது பிஸ்டனும் உடனே அனுப்பு. பிடிப்பதற்கு முன்னால் ஏற்றத்தில் ஒரு பஸ்ஸை முந்தினோமடா, பஸ்ஸை! பொட்டலத்தில் என் பெயரைப் போடு. அத்தானுக்குப் பயம் வந்துவிட்டது, பாவம், அவர் பின்னால் உட்காரட்டும்.