நிதானப் புகைப்படச் சங்கம் எடுத்த பிரிவுபசாரப் படம்

இந்த உலகம் உருப்படாமல் போனதற்கு ஒரே காரணம், எடுத்த படத்தை எடுத்த கையோடு பார்த்துவிட முடிவதுதான். இது சான்றோர் கண்ட முடிவு. சான்றோர் என்று இங்கே சொல்வது ஆறு பேரை. ஞாயிற்றுக்கிழமை தோறும் ஒரு பல் டாக்டரின் கிளினிக்கில், மற்ற நாட்களில் நோயாளிகள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்காரும் அதே நாற்காலிகளில் உட்கார்ந்து, 'நிதானப் புகைப்படச் சங்கம்' என்ற பெயரில் அவர்கள் உலகத்தைக் காப்பாற்றி வந்தார்கள். பல் டாக்டர் தலைவர். அவருடைய பழைய எக்ஸ்ரே அறையில்தான் ஃபிலிம் கழுவப்படும். "ஃபிலிம் மட்டுமே உண்மை பேசும்" என்பது சங்கத்தின் கொள்கை. அதை வாசல் கண்ணாடியில், 'வேர் சிகிச்சை செய்யப்படும்' என்பதற்குக் கீழே ஒட்டியிருந்தார்கள்.

சங்கச் செயலாளர், நம் சிஸ்டரின் வீட்டுக்காரர். சிஸ்டர் என்றால் பெரிய ஆஸ்பத்திரியின் குழந்தைகள் வார்டில் தலைமை நர்ஸ். வீட்டுக்காரர் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் துணை மேலாளர். காலை முதல் மாலை வரை அடுத்தவர்களின் விபத்துகளைச் சந்தேகப்படுவது அவர் தொழில்.

அவரிடம் இரண்டு கேமராக்கள். சாதாரணச் சுருள் போடுகிற சிறியதற்கு 'சின்னவன்' என்று பேர். அகலச் சுருள் போடுகிற பெட்டிக் கேமரா 'பெரியவன்'. பெரியவனுக்கு ஒரு சுருளில் பன்னிரண்டே படம். அதை வயிற்றோடு அணைத்து, மேலிருந்து குனிந்துதான் பார்க்க வேண்டும். அலுவலகத்தில் எந்த அதிகாரிக்கும் தலை குனியாத மனிதர், பெரியவனுக்கு மட்டும் குனிவார். வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் காய்கறித் தட்டு முழுக்க ஃபிலிம். தக்காளி வெளியே அழுகியது.

"தக்காளி கெட்டா வேற வாங்கிக்கலாம். ஃபிலிம் கெட்டா என்ன பண்றது?" என்று கேட்டார்.

சிஸ்டர் அன்றைக்குத் தக்காளி இல்லாமல் சமைத்துவிட்டார்.

பன்னிரண்டே படம் என்பதால் கண்டதையெல்லாம் எடுத்துவிட முடியாது, பாருங்கள். துருப்பிடித்த குழாய், காரை பெயர்ந்த சுவர், பூட்டிய கதவு போன்ற தகுதி வாய்ந்தவற்றுக்கே இடம். ஒரு சாயங்காலம், வேலை முடிந்து வந்து ஜன்னலோரம் உட்கார்ந்த சிஸ்டர் ஆசைப்பட்டு வாய்விட்டுக் கேட்டுவிட்டார்.

"என்னங்க, என்னை ஒண்ணு எடுங்களேன்."

அவர் ஒளி அளக்கும் கருவியைக் கொண்டுவந்து மனைவியின் கன்னத்துக்குப் பக்கத்தில் பிடித்தார். முகம் சுளித்தார்.

"உன் முகத்துல வெளிச்சம் பத்தல."

"பன்னெண்டு மணி நேரம் டூட்டி பார்த்துட்டு வந்திருக்கேன். இவ்வளவுதான் இருக்கும்."

"கொஞ்சம் எந்திரி."

எழுந்தார். அவர் நாற்காலியைப் படம் எடுத்தார். "காலி நாற்காலியில ஒரு பிரிவு இருக்கு பாரு," என்றார். அந்தப் படம் சங்கத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் விவாதிக்கப்பட்டது.

இப்படிப்பட்ட நேரத்தில்தான் சிஸ்டர் ஓய்வு பெறும் நாள் வந்தது. அவருக்கு ஒரே ஓர் ஆசை. வார்டுக்குள் போனில் படம் எடுக்கக் கூடாது என்பது ஆஸ்பத்திரி விதி. அதனால் யூனிஃபார்மில் அவருக்கு ஒரு படம்கூடக் கிடையாது. வேலையில் சேர்ந்த நாளிலிருந்து கூடவே நின்ற வார்டு ஆயாவோடும் கிடையாது. பிரிவுபசார விழாவுக்கு மறுநாளே ஆயா, மகனோடு இருக்கக் கடல் கடந்து போகிறார். இனிமேல் யூனிஃபார்மும் இல்லை, ஆயாவும் இல்லை. ஒரு படம் வேண்டும், அவ்வளவுதான்.

கோரிக்கை முறைப்படி சங்கத்தின் முன் வைக்கப்பட்டது.

"இருபது பேர் போனை நீட்டினா அந்த நினைவு நீர்த்துப் போயிடும்," என்றார் தலைவர். "நினைவுங்கறது பல்லு மாதிரி. சின்ன வயசுல விழுந்தா முளைக்கும். அப்புறம் விழுந்தா போனதுதான்."

எல்லோரும் தலையாட்டினார்கள். ஒருவருக்கும் புரியவில்லை; அதனாலேயே ஒருமனதாக நிறைவேறியது. விழாவில் போன்களுக்குத் தடை, படம் எடுக்கும் 'முழு உரிமை' செயலாளருக்கு.

விழா அன்று நர்சுகள் ஓய்வறை வாசலில், அழுக்குத் துணி போடும் கூடை ஒன்றை வைத்துக்கொண்டு செயலாளர் நின்றார். நர்சுகள் போன்களைக் கூடையில் போட்டுவிட்டு உள்ளே போனார்கள். அவர் போன் மட்டும் அவர் சட்டைப் பையிலேயே இருந்தது.

"உங்க போன் சார்?" என்றாள் ஒரு புது நர்ஸ்.

"இது சங்கத்தோட ஆவணப் பதிவுக்கும்மா."

பெரியவனில் ஒரு படம்கூட மிச்சமில்லை. வரும் வழியிலேயே மாடிப்படிக் கைப்பிடிக்கும் ஸ்ட்ரெச்சர் சக்கரத்துக்கும் பன்னிரண்டும் போய்விட்டன. ஆனாலும் பெரியவனை மேசையில் ஒரு பூங்கொத்தின் மேல் சாய்த்து வைத்தார். மண்டியிட்டார். போனை எடுத்து, பெரியவனை ஒரு படம் எடுத்தார். கேமரா விழாவுக்கு வந்ததற்கு ஆதாரம் வேண்டாமா? மேசையின் அந்தப் பக்கம் சிஸ்டர் கேக் வெட்டிக்கொண்டிருந்தார். ஆயா ஏதோ காதில் சொல்ல, இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள்.

பிறகு சின்னவன் களம் இறங்கினான். எல்லோரும் நில், நகர், மூச்சு விடாதே என்று ஆட்டி வைக்கப்பட்டார்கள். முப்பத்தாறு படம் பிடிக்கும் சுருளில் எண் முப்பத்தெட்டைத் தாண்டியது. நாற்பதும் ஆனது.

"அது தீரவே தீராதா சார்?" என்று ஆயா கேட்டார். அவருக்குக் கால் வலித்தது.

"சின்னவன் தாராள மனசுக்காரன்," என்றார் செயலாளர் பெருமையோடு. அன்று மாலை சுருளைத் திருப்பிச் சுற்றியபோதும் தாராளம் தொடர்ந்தது. இரண்டே சுற்றில் வேலை முடிந்துவிட்டது.

நிதானச் சங்கம் அல்லவா, கழுவ ஒரு மாதம் ஆயிற்று. ஆயா கடலுக்கு அப்பாலிருந்து வாராவாரம் போன் செய்தார்.

"படம் வந்துருச்சா சிஸ்டரம்மா? பேத்திகிட்ட காட்டணும்."

"கழுவிட்டிருக்காங்க ஆயா," என்பார் சிஸ்டர். எதைத்தான் இப்படிக் கழுவுகிறார்களோ என்று ஆயா ஆச்சரியப்பட்டார்.

கடைசியில் எக்ஸ்ரே அறையிலிருந்து தலைவர் வெளியே வந்தார். கையில் கண்ணாடி போல ஒரு வெற்றுச் சுருள். ஃபிலிமின் முனை கேமராவின் பல்சக்கரத்தில் மாட்டவே இல்லை. விழா முழுக்க அது டப்பாவுக்குள் சுகமாகத் தூங்கியிருக்கிறது.

"பல்லு பிடிக்கல சார்," என்றார் பல் டாக்டர், தொழில் துக்கத்தோடு.

உடனே அவசரக் கூட்டம். பார்க்கவே முடியாத படமே நிதானத்தின் உச்சம் என்றும், இந்தச் சாதனையைச் செய்த முதல் உறுப்பினர் செயலாளரே என்றும் தீர்மானம் போட்டு, அவருக்கு ஒரு ஃபிலிம் சுருள் பரிசளித்தார்கள். அவர் அதோடு வீட்டுக்கு வந்து மனைவியிடம் விஷயத்தைச் சொன்னார்.

"நீ அந்த நேரத்துல முழுசா வாழ்ந்துட்ட இல்ல, அது போதாதா?"

சிஸ்டருக்குச் சண்டை போடக்கூடத் தோன்றவில்லை. ஆயாவிடம் என்ன சொல்வது என்று நினைத்தபோதுதான் அழுகை வந்தது. சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதார்.

நாலு நாள் கழித்து அந்தப் புது நர்ஸ் போன் செய்தாள். "சிஸ்டர், சார் நெட்டுல, சங்கத்தோட பக்கத்துல ஒரு படம் போட்டிருக்கார், பார்த்தீங்களா?"

சிஸ்டர் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். பிறகு கடைத்தெருவுக்குப் போய், அதைப் பெரிதாக அச்சுப் போட்டு, சட்டம் அடித்து, முன்னறையில் வாசலுக்கு நேரே மாட்டினார். பூங்கொத்தில் சாய்ந்து, ஒவ்வொரு திருகும் மின்ன, பெரியவன்.

வீட்டுக்காரருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. "கடைசியில பெரியவனோட அழகு உனக்கும் புரிஞ்சுதே," என்றார். அந்த ஞாயிற்றுக்கிழமை சங்கத்தையே வீட்டுக்கு அழைத்துவிட்டார்.

ஆறு பேரும் படத்துக்கு முன்னால் வரிசையாக நின்றார்கள். தலைவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"போன்ல எடுத்ததுதான். ஆனாலும் கேமரா என்ன தெளிவு, பாருங்க. பின்னால அந்த வெள்ளையா மங்கலா இருக்கே, அது என்ன, திரைச்சீலையா?"

சிஸ்டர் டீத் தட்டை மேசையில் வைத்தார்.

"அது நான், டாக்டர். பக்கத்துல நீலமா கலங்கியிருக்கறது எங்க ஆயா. ஃபிலிம் மட்டும்தான் உண்மை பேசும்னு எழுதி ஒட்டியிருக்கீங்க. போனும் பேசுதே. இத்தனை வருஷமா எங்க வீட்டுக்காரர் கண்ணுக்கு எது தெளிவாத் தெரிஞ்சுது, எது தெரியலைங்கறது அதுல அப்படியே விழுந்திருக்கு. டீ ஆறுது, எடுத்துக்கங்க."

அன்றைய கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பை எழுத வேண்டிய செயலாளர் எதுவும் எழுதவில்லை. தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். மடியில் கேமரா எதுவும் இல்லை.