விசிறி இல்லாத கார்

எதையாவது கழற்றத் தெரிந்தவுடன் தன்னை மெக்கானிக் என்று நினைத்துக்கொள்வது இருபத்தாறு வயதில் வரும் ஒரு வியாதி. எனக்கு அது முற்றிப்போய் வந்தது. திரும்ப மாட்டத் தெரியுமா என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் மைசூரில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரப் படம் வரையும் பிரிவில் வேலை பார்த்தேன். குடகில் ஒரு காபித் தோட்டத்து வீட்டின் பின்புறம் ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் கிடப்பதாகக் கேள்விப்பட்டு, போய்ப் பார்த்து, பார்த்த இடத்திலேயே மயங்கி, லாரியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டேன். இங்கிலாந்தில் செய்தது. இரண்டே இருக்கை. கூரை கிடையாது. கடைசியாக அதைப் பயன்படுத்தியவை கோழிகள். (அவை நன்றாகவே பயன்படுத்தியிருந்தன.)

அப்பா வாசலில் நின்று அதைச் சுற்றிப் பார்த்தார். முப்பது வருடம் அரசு பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர்.

"டாப் எங்கடா?"

"இதுக்கு டாப் கிடையாதுப்பா."

"மழை வந்தா?"

"வேகமா போனா நனையாதுப்பா."

அப்பா உள்ளே போய்விட்டார். அடுத்த இரண்டு வருடமும் அந்தக் காரைப் பற்றி அவர் பேசியது அநேகமாக அவ்வளவுதான். நானோ அந்த இரண்டு வருடமும், அவர் ஒரே ஒரு தடவை "வண்டி நல்லா இருக்கு" என்று சொல்லிவிட வேண்டும் என்பதற்காகத்தான் அதன் அடியில் படுத்துக் கிடந்தேன். அப்போது கேட்டிருந்தால் இதை ஒப்புக்கொண்டிருக்க மாட்டேன்.

வேலை என்றால் சாதாரண வேலையில்லை. ஸ்பிரிங்கை வெட்டிக் காரைத் தாழ்த்தினேன். ஒரு கார்புரேட்டர் இருந்த இடத்தில் இரண்டு வைத்தேன். சைலன்சரை மாற்றினேன். தெருவில் எல்லோருக்கும் நான் வேலைக்குப் போகும் நேரம் தெரிந்தது. இதற்கெல்லாம் மேலாக, பழைய பேப்பர் கடையில் கிடைத்த ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையில் படித்துவிட்டு, ரேடியேட்டருக்குப் பின்னால் இருந்த விசிறியைக் கழற்றினேன். அந்த விசிறியைச் சுற்றுவதற்கு இஞ்சின் தன் சக்தியில் கொஞ்சத்தை வீணாக்குகிறதாம். வேகமாக ஓடும் காருக்கு எதிர்க்காற்றே போதுமாம்.

பத்திரிகை பொய் சொல்லவில்லை. ஞாயிறு காலையில் ஸ்ரீரங்கப்பட்டணம் வரை போய்வருவேன். சூட்டைக் காட்டும் முள் பாதியைத் தாண்டாது. கழற்றிய விசிறியை வெற்றிச் சின்னமாக ஷெட்டுச் சுவரில் ஆணியடித்து மாட்டினேன்.

அப்பா ஒருநாள் அதைப் பார்த்துவிட்டார். 'சும்மா' என்பது அவர் வாயில் எப்போதும் கன்னடமாகத்தான் வரும். "சும்னே எதுக்குடா இத கழட்டின?"

"அது வேஸ்ட்டுப்பா. பஸ்ஸுக்கு வேணும். இதுக்கு வேண்டாம்."

இப்போது எழுதும்போது கூசுகிறது. அப்போது எனக்கு அது தொழில்நுட்பக் கருத்தாகத்தான் பட்டது.

இந்த நிலையில் தங்கை மாலதிக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை செந்திலுக்கு ஊர் கொங்குத் தமிழ் பேசும் ராமாபுரம். கொள்ளேகாலம் பக்கம் ஒரு பள்ளியில் வாத்தியார். அப்பா இல்லாதவர் என்பதால் எல்லாவற்றையும் முன்னின்று பேசியவர் அவருடைய பெரியப்பா. நல்ல மனிதர்தான், ஆனால் முறை தவறினால் மனிதர் மாறிவிடுவார். பெண் பார்க்க வந்த அன்று காபி முதலில் தனக்கு வராமல் பக்கத்திலிருந்தவருக்குப் போனதற்காக அரை மணி நேரம் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தார். அவர் மனம் கோணாமல் பார்த்துக்கொள்வதுதான் எங்கள் வீட்டில் மூன்று மாதமாக ஒரே வேலை.

கல்யாணத்துக்கு முதல் நாள் மாலை மாப்பிள்ளை அழைப்பு. பிள்ளையார் கோயிலிலிருந்து சத்திரம் வரை திறந்த காரில் ஊர்வலம். அப்பா வாடகைக்கு ஒரு ஜீப் பேசப் போனார். நான் குறுக்கே விழுந்தேன்.

"வீட்லயே தெறந்த கார் இருக்கறப்ப வாடகைக்கு எதுக்குப்பா?"

"வேண்டாம்டா."

"அண்ணா கார்லயே வரட்டும்பா" என்றாள் மாலதி. அப்பா அவள் பேச்சைத் தட்டியதில்லை. சரி என்று சொன்னதோடு நிற்காமல், அழைப்பன்று காலை தேவராஜா மார்க்கெட்டுக்குத் தானே போய், தசரா யானைக்குப் போடலாம் போல ஒரு செண்டுப்பூ மாலை வாங்கிவந்தார். காரின் முகப்பில் இடைவெளியே தெரியாமல் அதை அவரே இழுத்துக் கட்டினார். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. காற்று போகும் வழியைப் பற்றி யோசிக்க அங்கே இடமில்லை.

இரண்டு வருடமாக வேகத்துக்காகவே தயார்செய்த ஒரு வண்டி, விசிறி இல்லாமல், முகத்தைப் பூவால் மூடிக்கொண்டு, நாதஸ்வரத்துக்குப் பின்னால் போகப்போகிறது. இந்த வாக்கியத்தை அன்று யாராவது எனக்குச் சொல்லியிருக்கலாம்.

நாதஸ்வரக்காரர் பத்தடி நடந்தார். நின்றார். ஒரு ராகத்தை எடுத்துச் சாவகாசமாக விஸ்தரித்தார். பிறகு எட்டடி நடந்தார். நான் கிளட்சை மிதித்து, விட்டு, மிதித்து, இடது கால் நடுங்க ஆரம்பித்தது. பக்கத்தில் மாப்பிள்ளை சந்தன நிறக் கோட்டில் கைகூப்பிச் சிரித்தபடி வந்தார். இருந்தாலும் வாத்தியார் கண்.

"மச்சான், அந்த முள்ளு செவப்புல போயி நிக்குதுங்களே?"

"அது அப்படித்தாங்க இருக்கும். ஸ்போர்ட்ஸ் கார்."

"ஓஹோ" என்றார் மரியாதையாக.

சிறிது தூரம் போனதும் பூ வேகும் வாசனை வந்தது. செண்டுப்பூ வெந்தால் கீரைக் கடையல் மாதிரி மணக்கும் என்பதை மைசூரில் முதலில் கண்டுபிடித்தவன் நானாகத்தான் இருப்பேன். எப்படியாவது சத்திரம் வந்துவிடாதா என்று நான் நிமிர்ந்து பார்த்தபோது, முகப்பிலிருந்து உஸ்ஸென்று ஒரு சத்தம். மாலையைப் பிய்த்துக்கொண்டு ஆளுயரத்துக்கு ஆவி எழும்பியது. வேடிக்கை பார்த்த குழந்தைகள் "ஹொகெ! ஹொகெ!" என்று கன்னடத்தில் புகையை வரவேற்றுக் கைதட்டின. இது ஏற்பாட்டில் ஒரு பகுதி என்று பெரியவர்களும் நினைத்திருக்க வேண்டும். நாலைந்து பேர் கைதட்டினார்கள். பிறகு துரு நிறத்தில் ஒரு சின்னத் தூறல் மேலிருந்து இறங்கி, நிதானமாக, மாப்பிள்ளையின் சந்தனக் கோட்டில் உட்கார்ந்தது.

இஞ்சின் நின்றது. தவில் நின்றது. பெரியப்பா முன்னாலிருந்து திரும்பி வந்தார்.

நான் இறங்கி ஓடிப்போய் ஓரத்தில் நின்ற ஒரு டாங்காவைக் கூப்பிட்டேன். குதிரை வண்டியில் மாப்பிள்ளை வந்தால் மைசூரில் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். பெரியப்பா கையை உயர்த்தி, காருக்குப் பின்னால் நடந்துவந்த அப்பாவைப் பார்த்தார்.

"ஏனுங்க சம்பந்தி, ஏறி ஒக்காந்த மாப்ளை பாதி வழியில எறங்கறதுங்களா? எங்கூட்டுல அப்படி வழக்கமில்லீங்க. எறங்குனா ஊருக்குத்தானுங்க திரும்பறது."

சாதாரணமாகத்தான் சொன்னார். அதுதான் பயமாக இருந்தது. சத்திரத்தில் மாலதி கையில் மருதாணியோடு காத்துக்கொண்டிருந்தாள். அவளுடைய கல்யாணம் நான் கழற்றிய விசிறியின் நாலு போல்ட்டில் வந்து நிற்கிறதே என்று எனக்கு அழுகை வந்துவிட்டது. (வந்துவிட்டது என்ன, அழுதேன்.)

"அவரு எறங்க வேண்டாங்க" என்றார் அப்பா. பட்டு வேட்டியை மடித்துக் கட்டினார். மாப்பிள்ளையிடம் குனிந்து, "ஸ்டேரிங் பிடிப்பீங்களா?" என்று கேட்டார்.

"ஊருல டிராக்டர் ஓட்டுவேனுங்க மாமா."

"போதும்." என் பக்கம் திரும்பினார். "நீ பின்னாடி வா."

"அப்பா, நான்..."

"தள்ளுடா."

அப்படித்தான் மாப்பிள்ளை இருக்கை மாறி உட்கார்ந்து, தன்னுடைய மாப்பிள்ளை அழைப்புக்குத் தானே கார் ஓட்டினார். நானும் அப்பாவும் பின்னாலிருந்து தள்ளினோம். நாதஸ்வரம் மறுபடி தொடங்கியது. நின்றால் நின்றோம், நடந்தால் நடந்தோம். அந்தக் கார் அதற்கு முன்னும் பின்னும் அத்தனை ஒழுங்காகப் போனதில்லை.

அந்தக் காரின் மேல் அப்பா அழுத்தமாகக் கைவைத்தது அன்றைக்குத்தான். கொஞ்ச தூரம் போனதும் மூச்சிரைக்கச் சொன்னார்: "லேசாத்தான் இருக்கு."

நான் குனிந்து தள்ளினேன்.

"விசிறி பாரம் இல்லையே, அதான்."

திரும்பிப் பார்த்தேன். அவர் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. சிரிக்கிறார் என்று புரிய எனக்கு ஒரு நிமிஷம் பிடித்தது. "வண்டி நல்லாத்தான்டா இருக்கு" என்றார். இரண்டு வருடம் காத்திருந்த வார்த்தை. அதைக் கேட்டபோது என் முகம் கார் டிக்கியில் பதிந்திருந்தது.

சத்திரத்து வாசலில் ஒரு சின்ன ஏற்றம். இரண்டு பேரால் முடியவில்லை, கார் பின்னோக்கி வந்தது. பக்கத்தில் திடீரென்று இன்னொரு ஜோடிக் கை. பெரியப்பா. துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, "ஏத்தத்துல உட்றாதீங்க! அமுக்குங்க, அமுக்குங்க!" என்று எங்களை ஏவினார். மாடி ஜன்னலில் மாலதி வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். ஆரத்தித் தட்டு ஏந்திய பெண்கள் சிரித்த சிரிப்பில் கற்பூரம் இரண்டு தடவை அணைந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பா தாமாகவே ஷெட்டுக்கு வந்தார். சுவரிலிருந்து விசிறியை எடுத்தார். நாலு போல்ட்டில் ஒன்றை நான் தொலைத்திருந்தேன். தன் பழைய தகரப் பெட்டியைக் கிளறி, தலை பெரிதாக ஒன்றைத் தேடியெடுத்து முடுக்கினார். "மாலைய நானும் அவ்ளோ இறுக்கிக் கட்டியிருக்கக் கூடாது" என்றார், இஞ்சினைப் பார்த்தபடி. பிறகு கையை நீட்டினார். "சாவி."

அப்போதுதான் உறைத்தது. முப்பது வருடம் வண்டி ஓட்டியவர் வீட்டிலிருக்க, இரண்டு வருடத்தில் ஒரு தடவைகூட நான் சாவியை அவரிடம் கொடுத்ததில்லை. அவருக்கு மெதுவாகத்தான் ஓட்டத் தெரியும் என்று நினைத்திருந்தேன். தசராக் கூட்டத்தின் நடுவே ஒருவர்மேலும் உரசாமல் அறுபது பேரை ஏற்றிப் போனவர். அம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்து, தெருவை நடக்கும் வேகத்தில் மூன்று சுற்றுச் சுற்றினார். கார் ஒருமுறை கூடத் திணறவில்லை.

அப்பா போய்ப் பல வருடங்களாகின்றன. கார் இருக்கிறது. இரண்டு வருடத்துக்கு முன் மாலதியின் மகள் கல்யாணத்தில் மாப்பிள்ளை அழைப்புக்கு அதையே கேட்டார்கள். ஊர்வலம் கிளம்பும் முன், என் மச்சான் செந்தில் பட்டு வேட்டியோடு வந்து, பிள்ளை வீட்டார் எல்லோரும் பார்க்க பானெட்டைத் திறந்தார். எங்கள் பக்கத்தில் எந்த வண்டி எங்கே கிளம்பினாலும், அது ஆட்டோவாகவே இருந்தாலும், யாராவது ஒருவர் இதைச் செய்தாக வேண்டும். குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்து அறிவித்தார்:

"விசிறி இருக்குதுங்க!"

எங்கள் கூட்டம் சிரித்துத் தள்ளியது. பிள்ளை வீட்டார் ஒன்றும் புரியாமல் எங்களைப் பார்த்தார்கள். நான் பானெட்டை மூடப் போனேன். அந்தக் காரில் நான் மாற்றாத பாகம் இல்லை. அந்தப் பெரிய தலை போல்ட்டை மட்டும் மாற்றவில்லை. அது இருக்கிறதா என்று விரலால் ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டு, சாவியைச் செந்திலிடம் கொடுத்துவிட்டு, ஊர்வலத்தில் காருக்குப் பின்னால் நடந்து போனேன்.