நாலாயிரம் சைட்டுக்காரர்

அறிவியல் வரலாற்றை இனி இரண்டாகத்தான் பிரிக்க வேண்டும்: டாக்டர் பர்னபாஸுக்கு முன், பின். மற்ற விஞ்ஞானிகள் எதையாவது கண்டுபிடித்தார்கள். பர்னபாஸ் கண்டுபிடித்தது ஓட்டை. அவர் பிறந்த தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸுக்கு ஓட்டை புதிதல்ல. அவருடைய அப்பாவும் தாத்தாவும் பூமியில் ஓட்டை போட்டுத் தங்கம் எடுத்தவர்கள்தான். இவர் அவர்களையும் மிஞ்சி ஓட்டையையே எடுத்தார்.

உலோகத்தையும் கரிமப் பொருளையும் சாரம் கட்டுவதுபோல் கோத்துச் செய்த வெள்ளைப் பொடி அது. உள்ளே முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத துளைகள். காற்றிலுள்ள ஈரத்தைப் பிடித்துத் தண்ணீராகத் தரும் என்று கட்டுரை எழுதினார். தந்ததா என்று கேட்பது ஆராய்ச்சி மரபல்ல. நாலாயிரம் கட்டுரைகள் அதை மேற்கோள் காட்டின. நன்றி மறவாத பர்னபாஸும் அவற்றையெல்லாம் பதிலுக்கு மேற்கோள் காட்டினார்.

பெங்களூரில் அவர் வேலை பார்த்த கல்லூரி, மேற்கோளை ஆங்கிலத்தில் சொல்லி 'நாலாயிரம் சைட்டேஷன்' என்று வாசலில் பேனர் கட்டியது. ரயிலில் தினமும் கூடப் போய்வருகிறவர்கள் அந்தச் செய்தியை ஊருக்குக் கொண்டுவந்தார்கள். ஆண்டர்சன்பேட்டை கடைத்தெருவைத் தாண்டுவதற்குள் 'டேஷன்' எங்கோ உதிர்ந்துவிட்டது. சாம்பியன் ரீப்ஸுக்கு வந்து சேர்ந்தது 'சைட்' மட்டும்தான். இந்தப் பக்கம் வீட்டுமனைக்குச் சைட் என்றுதான் பேர்.

மறுநாளே பக்கத்து லைன் வீட்டுப் பாப்பம்மா வந்து நின்றாள். சுரங்கத்தை மூடி இத்தனை வருஷமாகியும் அவள் குடியிருக்கும் சுரங்கக் கம்பெனி வீடு அவள் பேரில் இல்லை. எப்போது காலி பண்ணச் சொல்வார்களோ என்ற பயத்தில் ஒழுகும் கூரையைக்கூட மாற்றாமல் வைத்திருந்தாள்.

"நாலாயிரம் சைட்டாமே தம்பி. மூலை சைட்டுலாம் எனக்கு வாணாம். எங்கியாவது ஒண்ணு குடு, போதும்."

அது மனை அல்ல, மற்றவர்கள் தன் பேரைச் சொல்வது என்று பர்னபாஸ் பொறுமையாக விளக்கினார். பேரைச் சொன்னால் இன்னா கிடைக்கும் என்று கேட்டாள். பேராசிரியர் பதவி என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். பெருமை யாரை விட்டது? தன் பொடியில் ஒரு ஸ்பூனுக்குள் ஒரு ஃபுட்பால் கிரவுண்டு அளவு இடம் அடங்கியிருக்கிறது என்றும் சொல்லித் தொலைத்தார்.

"அதான பாத்தேன். கிரவுண்டு கிரவுண்டா வெச்சிக்கினு இல்லைன்றியே."

இதையும் மறுத்திருப்பார். ஆனால் புதன்கிழமை பதவி உயர்வுக் குழு வருகிறது. சைட்டேஷன் மட்டும் போதாது, 'சமூகப் பயன்' வேண்டும், அதை ஊர்க்காரர் ஒருவர் தம் வாயால் சொல்ல வேண்டும் என்பது புது விதி. பர்னபாஸின் மனசாட்சி கொஞ்சம் முரண்டு பிடித்தது. பிறகு அறிவியலின் நலன் கருதி அடங்கியது.

"குழு வந்து கேட்டா நல்லபடியா சொல்லுக்கா. அதுல ஒண்ணு ஒனக்குத்தான்."

புதன்கிழமை குழுத் தலைவி மமதா மேடம் பாப்பம்மா வீட்டுக்கே வந்தார். இவருடைய ஆராய்ச்சியால் உங்களுக்கு என்ன லாபம் என்று கன்னடத்தில் கேட்டார்.

"நாலாயிரத்துல ஒண்ணு எனக்குன்னு சொல்லிக்கீறாரும்மா" என்றாள் பாப்பம்மா.

குழு உருகிவிட்டது. தன் சைட்டேஷனைப் பாமர மக்களோடு பங்கு போட்டுக்கொள்ளும் விஞ்ஞானியை அவர்கள் எங்கே பார்த்திருக்கிறார்கள்? மமதா மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டு 'முன்மாதிரி' என்று எழுதினார். பர்னபாஸ் பேராசிரியர் ஆனார்.

செய்தி கேட்டதும் பாப்பம்மா பூ வாங்கி வைத்துக்கொண்டு வந்தாள், சைட்டை எப்போது தன் பேருக்கு எழுதப்போகிறார் என்று கேட்க. பேராசிரியர் சொன்ன சொல் தவறாதவர். உள்ளே போய் ஒரு சின்னக் கண்ணாடிப் புட்டியை எடுத்துவந்து அவள் கையில் வைத்தார். அடியில் ஒரு ஸ்பூன் வெள்ளைப் பொடி.

"ஒரு கிரவுண்டு எடம்கா. அளவெல்லாம் சரியா இருக்கும்."

தேர்தலுக்குத் தேர்தல் வந்து சைட் தருவதாகச் சொன்னவர்கள் யாரும் இதுவரை ஒரு ஸ்பூன்கூடத் தந்ததில்லை. அந்த வகையில் இது சாதனைதான். பாப்பம்மா புட்டியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அவள் திட்டியிருந்தால் பர்னபாஸுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"இதுக்குள்ள குடி போவணும்னா, நாங்க இன்னும் எவ்ளோ சின்ன ஆளாவணும் தம்பி?"

பேராசிரியர் பர்னபாஸ் தன்னை மேற்கோள் காட்டிய கட்டுரைகளையெல்லாம் புரட்டிப் பார்த்தார். பதிலுக்கு மேற்கோள் காட்ட அந்த நாலாயிரத்தில் ஒரு கட்டுரைகூட இல்லையாம்.