பூ மார்க்கெட்டில் ஒரு பென்சில்வேனியா

அமெரிக்க ஜனாதிபதியைத் தேர்ந்தெடுப்பவர்கள் அமெரிக்கர்கள் என்று உலகம் நம்பிக்கொண்டிருக்கிறது. சங்கரன்கோவில் பூ மார்க்கெட்டுக்கு ஒரு தடவை வந்துபோனவர் யாரும் அதை நம்ப மாட்டார். அந்தப் பொறுப்பு முழுவதும் எங்கள் பென்சில்வேனியா அண்ணாச்சியின் தலையில்தான் இருந்தது. அதைச் சுமந்து சுமந்துதான் அவருடைய ரத்தக்கொதிப்பு மாத்திரை காலைக்கு ஒன்று, மாலைக்கு ஒன்று என்றானது.

அவர் பூக்கமிஷன் கடைக்காரர். மனைவி காலமாகிவிட்டார். ஒரே மகள் கோமதி கம்ப்யூட்டர் வேலைக்காகப் பென்சில்வேனியா போனாள். அவள் விமானம் ஏறிய நாளிலிருந்து இவருடைய எந்தப் பேச்சும் அந்த மாநிலத்தில் போய்த்தான் முடியும். புளியங்குடியில் எலுமிச்சை விலை ஏறிவிட்டது என்று சொன்னால், “பென்சில்வேனியால ஒரு எலுமிச்சம்பழம் என்ன வெல தெரியுமா வே?” என்பார். பெயர் ஒட்டிக்கொண்டது. இப்போது கல்யாணப் பத்திரிகை உறையில்கூடச் சிலர் அப்படித்தான் எழுதுகிறார்கள்.

என் வீடு மார்க்கெட்டுக்குப் பின்தெரு. அலுவலகம் புறப்படும் முன் வீட்டுக்குப் பூ வாங்கப் போவேன். தேர்தல் வருடம் பிறந்ததும் பூவோடு சேர்த்து அமெரிக்க அரசியலும் பொட்டலமாகக் கிடைத்தது.

“மத்த மாநிலத்துலெல்லாம் யாரு செயிப்பான்னு இப்பமே தெரியும் வே. நாலஞ்சு மாநிலந்தான் ஊசலாடுது. அதுல பெருசு நம்ம மாநிலம்.”

“நம்ம மாநிலம் தமிழ்நாடுல்லா அண்ணாச்சி?”

“கிண்டலா? எந்தக் கடையிலயும் நிக்காம ரெண்டு வரிசையும் மோந்து பாத்துக்கிட்டே போற யாவாரி இருக்காம்லா, அவன வச்சுத்தான் மார்க்கெட்டுல வெல நிக்கும். அங்கயும் அப்பிடித்தான். நிலையான ஆளுக்கு மதிப்பே கிடையாது. மதில்மேல இருக்கவனுக்குத்தான் மரியாத.”

இந்த விளக்கத்துக்கு அடியில் ஒரு பயம் இருந்தது. கோமதியின் விசா நீட்டிப்பு மனு அப்போது முடிவாகாமல் கிடந்தது. ஒரு கட்சி வந்தால் வெளிநாட்டார் எல்லோரும் பெட்டி கட்ட வேண்டியதுதான் என்று யூடியூபில் ஒருவர் சொன்னார். அடுத்த காணொளியில் இன்னொருவர் மற்றக் கட்சியைப் பற்றி அதையே சொன்னார். அண்ணாச்சி இரண்டையும் நம்பினார். இரண்டுக்கும் சேர்த்துத் தூக்கம் கெட்டார்.

வேட்பாளர்கள் நேருக்கு நேர் மோதும் விவாதம் வந்தது. அங்கே ராத்திரி நடப்பது இங்கே விடிகாலையில் தெரியும். மல்லிகை ஏலமும் விடிகாலைதான். எங்கள் மார்க்கெட்டில் ஒரு வழக்கம் உண்டு. வியாபாரிகள் விலை கேட்டுக்கொண்டே போவார்கள். கடைக்காரர் மேசையில் ஒரு தட்டுத் தட்டினால் அந்த விலையோடு ஏலம் முடிந்தது. தட்டிய கையைத் திரும்ப எடுக்க முடியாது. அன்று அண்ணாச்சி தராசின் மேல் செல்போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு ஏலம் விட்டார். ஒரு காதில் வரிக்கொள்கை, மறு காதில் மல்லிகை.

இளையரசனேந்தல் பக்கத்திலிருந்து ஓர் அம்மா கூடை நிறைய மொட்டு கொண்டுவந்திருந்தார். விலை அப்போதுதான் மெல்ல ஏற ஆரம்பித்தது. போனில் ஒரு வேட்பாளர் பேச வந்ததை மறந்து, வாக்கியத்தின் நடுவில் நின்று, வேறெதையோ உளறினார்.

“அடப் பாவி!” என்று அண்ணாச்சி மேசையில் ஓங்கி அறைந்தார்.

ஏலம் முடிந்துவிட்டது. அடிமாட்டு விலை. வாங்கிய வியாபாரி கூடையைத் தூக்கிக்கொண்டு ஓட்டமாக நடந்தார்.

“அண்ணாச்சி! எம் பூவ மண்ணு வெலைக்குல்லா தட்டிட்டீரு!” என்று அந்த அம்மா தலையில் கை வைத்தார்.

“நான் ஒனக்குத் தட்டல தாயி. அந்த ஆளு ஒளறிட்டான்.”

“எந்த ஆளு?”

அண்ணாச்சி போனைத் திருப்பிக் காட்டினார். அந்த அம்மா திரையைக் கூர்ந்து பார்த்துவிட்டு, “கோட்டுப் போட்ட ஆளு ஒளறுனா எங்கூட்டுல எதுக்கு ஒல கொதிக்காமப் போணும்?” என்று கேட்டார். உலக அரசியலைப் பற்றி நான் படித்த கட்டுரைகளில் எதுவும் இந்தக் கேள்வி அளவுக்கு நேராகப் போனதில்லை. அண்ணாச்சி விலை வித்தியாசத்தைக் கைப்பணத்தில் கொடுத்து அனுப்பினார்.

“கொள்கையெல்லாம் ரெண்டு பேரும் நல்லாத்தான் பேசுனாங்க வே. எவன் கேட்டான்? நாளைக்கு ஊரெல்லாம் இந்த ஒளறல்தான் ஓடும்” என்றார் என்னிடம்.

உளறலைத் தடுக்க அவரால் முடியாது. மதில்மேல் இருப்பவரைப் பிடிக்கலாம் அல்லவா? கோமதியின் பக்கத்து வீட்டில் தனியாக ஓர் அமெரிக்கப் பெரியவர் இருந்தார். யாருக்கு ஓட்டு என்று இன்னும் முடிவு செய்யவில்லை என அவர் ஒருநாள் வேலியோரம் சொல்ல, அவள் அதை விளையாட்டாக அப்பாவிடம் சொல்லிவிட்டாள். மறுவாரமே சீனிச்சேவும் முந்திரிக்கொத்தும் பார்சலில் பறந்தன.

வீடியோ காலில் கோமதி கத்தியது எனக்கே கேட்டது. “அப்பா, ஓட்டுக்குத் தின்பண்டம் குடுத்தா இங்க ஜெயில்ல போட்ருவாங்க!”

“கால் கிலோ சேவுக்கா ஜெயிலு? ஓட்டப் பத்தி நீ மூச்சு விடாத. குடுத்துட்டு சும்மா சிரி.”

“அவரு தோட்டத்துத் தக்காளி குடுத்தாரு.”

“வாங்காதட்டி! அவருல்லா நமக்குக் கடமப்படணும்!”

“சரி, அவரு எந்தக் கட்சிக்குப் போடணும்? அதையாவது சொல்லுங்க.”

அண்ணாச்சி சற்று நேரம் பூவைக் கிளறினார். “மொதல்ல தின்னட்டும். பொறவு சொல்லுதேன்.”

அந்தப் பெரியவர் இத்தனை நாள் முடிவெடுக்காமல் இருக்கலாமா என்று நான் கேட்டேன். அண்ணாச்சிக்குக் கோபம் வந்துவிட்டது. “நம்மூரு சாமியே ஒடம்புல பாதி சிவன், பாதி பெருமாள்னு நிக்காரு. அவரப் போயி எந்தக் கட்சின்னு கேப்பீரா?”

தேர்தல் நெருங்கிய ஒரு காலையில் பெரியவரே திரையில் வந்தார். சேவு அனுப்பியவருக்கு நன்றி சொல்ல வேண்டுமாம். நான் கடையில் நின்றிருந்தேன். நன்றியெல்லாம் முடிந்தபின் அவர் ஏதோ கேட்டார். கோமதி தமிழில் சொன்னாள்: “அப்பா, யாரு ஜெயிச்சா ஒங்களுக்கு நல்லதுன்னு கேக்காரு.”

மாதக்கணக்காகக் காத்திருந்த வாய்ப்பு. அண்ணாச்சி சட்டைக் காலரைச் சரிசெய்தார். தொண்டையைச் செருமினார்.

“எவன் வந்தா எம் மவ ஊருக்குத் திரும்பி வருவாளோ, அவன் வரட்டும்.”

சொன்ன வேகத்தில் அவர் முகமே வெளுத்தது. அந்தப் பக்கம் கோமதி முகத்தைத் திருப்பிக்கொண்டு, பெரியவரிடம் ஆங்கிலத்தில் என்னவோ சொன்னாள். அவர் சிரித்துத் தலையாட்டினார். அழைப்பு முடிந்தது.

அடுத்து வந்த நாட்களில் கோமதியிடமிருந்து போன் வரவில்லை. ஏலத்தில் அவர் கவனம் சிதறியது. மல்லிகையை அரளி விலைக்குத் தட்டினார். மாத்திரை போட்டீர்களா என்று நான் காலையிலும் மாலையிலும் கேட்க வேண்டியிருந்தது. எனக்கே பயமாகிவிட்டது.

“அவ அங்க பாடுபட்டு ஒரு நெலைக்கு வந்துருக்கா. பெத்தவனே வெரட்டணும்னு நெனச்சா என்ன செய்வா வே? அந்த மனு தள்ளுபடி ஆச்சுன்னா எம் வாய்தான் காரணம்.”

“அங்க உள்ள அரசியல்வாதிங்க செய்யுத மாதிரி நீங்களும் செய்யுங்க அண்ணாச்சி. ‘நான் சொன்னதத் தப்பாப் புரிஞ்சுக்கிட்டாங்க’ன்னு ஒரு அறிக்க விட்டுருங்க.”

அவர் போனைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “தப்பாப் புரிஞ்சிருந்தா விடலாம். சரியால்லா புரிஞ்சிட்டா.”

தேர்தல் நடந்தது, ஒருவர் ஜெயித்தார். முடிவு வந்த பகலில் மார்க்கெட்டே செய்தி கேட்க அவர் கடைக்கு வந்தது. அவர் செல்போனைத் தொடவில்லை. “எவனோ செயிச்சான் போங்கடே” என்று சாக்கை உதறினார்.

அதற்குப் பிறகுதான் ஒரு காலை கோமதி கூப்பிட்டாள். விசாவை நீட்டித்துவிட்டார்களாம். “இனி மூணு வருஷத்துக்குக் கவல இல்லப்பா.”

“சந்தோசம் மக்கா. ரொம்பச் சந்தோசம்.”

“நீங்க அன்னைக்குச் சொன்னத நான் அந்தத் தாத்தாகிட்ட சொல்லல. எம் பொண்ணு எங்க இருந்தாலும் நல்லா இருந்தாப் போதும்னு சொன்னீங்கன்னு மாத்திச் சொல்லிட்டேன்.”

“நானும் அதத்தான் சொல்ல வந்தேன் தாயி. வாய் முந்திக்கிட்டு.”

அன்று அவர் கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் லட்டு கொடுத்தார். எல்லோரும் போன பின், ஏற்கெனவே நனைந்திருந்த பூ மேல் வெகுநேரம் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்.

எனக்கு அமெரிக்க அரசியலில் அக்கறை கிடையாது; உள்ளூர் வார்டு கவுன்சிலர் பெயரே எனக்குச் சட்டென்று வராது. ஆனாலும் தினமும் காலையில் போய், “அண்ணாச்சி, இந்த செனட்டுன்னு சொல்லுதாங்களே, அது என்ன?” என்று கேட்கிறேன். சொல்லி முடிக்கும்வரை அவருக்கு, ஆளில்லாமல் பூட்டிக் கிடக்கும் தன் வீட்டின் நினைப்பு வருவதில்லை. நேற்றும் கேட்டேன், முந்தாநாள் அவர் சொன்னதெல்லாம் மறந்துபோன மாதிரி.